ரீச்சர் பங்கு

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, முன்பள்ளியைப் பூட்டிக்கொண்டு நான் கரைக்குப் போனபோது வலை ஏறிப் பங்கு வைத்து முடிந்திருந்தது. கீரியும் காரலும் கொஞ்சம் பாரைக்குட்டியுமாக மணலில் இருபத்தொரு குவியல் கிடந்தது. கரைவலை இழுத்த இருபது பேருக்கு இருபது, கோயிலுக்கு ஒன்று. ஐந்து வருடமாக, கரைவலைக் காலத்தில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயில் குவியலுக்குப் பக்கத்தில் இன்னொன்று கிடக்கும். அது என்னுடையது. நான் நேரே அதன் பக்கத்தில் போய் நிற்பேன். மீன் வியாபாரி அப்துல் றசாக் மோட்டார் சைக்கிளில் கட்டிய பெட்டியைத் திறந்துகொண்டு வருவார். கறிக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அவருக்கு விற்றுவிடுவேன். அன்றைக்கு அவரும் வந்து நின்று மணலைப் பார்த்தார்.

“ரீச்சர், இண்டைக்கு உங்கட குவியலைக் காணேல்லையே. வேற ஆருக்கும் குடுத்திட்டீங்களோ?”

நான் என் புருசன் சந்தியோகுவைப் பார்த்தேன். இழுத்த இருபது பேரில் அவரும் ஒருவர். அவர் தன் குவியலுக்கு முன்னால் குந்தியிருந்து, மீனை வாழ்க்கையில் முதல்தரம் காண்கிறவர் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. கோயில் குவியல் மட்டும் வழக்கத்தை விட இரண்டு மடங்கு உயர்ந்திருந்தது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. றசாக்கிடம், “இல்லை, இண்டைக்கு இல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பங்கு யாரும் போட்ட பிச்சை இல்லை. போர் முடிந்து, இரண்டாயிரத்துப் பத்தில் நாங்கள் அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பியபோது இங்கே பற்றைக்காடும், சிலுவை மட்டும் நின்ற கூரையில்லாத கோயிலும்தான் இருந்தன. திரும்பியவர்களில் ஏ.எல். வரை படித்தவள் நான் ஒருத்திதான். ஒரு தறப்பாளைக் கட்டி, பதினாறு பிள்ளைகளைப் பாயில் இருத்திப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன். சம்பளம் கொடுக்க ஊரில் யாரிடமும் காசு இல்லை. வலையும் வள்ளமும் சம்மாட்டி அமிர்தநாயகத்தினுடையவை. அவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எழும்பி நின்று, வெள்ளிக்கிழமை மீனில் ஒரு பங்கு ரீச்சருக்கு என்று சொன்னார். அன்றைக்கு நான் அந்த மனிதனைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு ஒரு நிறுவனம் வந்து தகரக் கூரையோடு கட்டடம் கட்டித் தந்தது. அதன் பெயர்ப்பலகை என் கரும்பலகையை விடப் பெரிது. இன்னொரு நிறுவனம் சறுக்கு மரம் தந்தது, அதிலும் பெயர். இன்னொன்று பிளாஸ்ரிக் கதிரை தந்தது, ஒவ்வொரு கதிரையின் முதுகிலும் பெயர். சம்பளம் மட்டும் யாரும் தரவில்லை. சம்பளத்தின் முதுகில் பெயர் அடிக்க முடியாதல்லவா.

போன வருடம்தான் ஒரு நிறுவனத்தின் திட்டக்காரர்கள் புதிதாக ஒன்று சொன்னார்கள். வேலை செய்துகொண்டே முன்பள்ளி டிப்ளோமா படிக்கிற ஆசிரியைகளுக்குக் கல்லூரிக் கட்டணத்தை அவர்கள் கட்டுவார்கள். அதற்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சோதனை பாஸ் பண்ணிய பிறகு, ஊக்குவிப்புக் கொடுப்பனவும் உண்டு. சனிக்கிழமைகளில் மன்னாரில் வகுப்பு. இரண்டு வருடம். நான் பெயர் கொடுத்தேன். முதல் சோதனையும் பாஸ் பண்ணினேன். கொடுப்பனவு இன்னும் கைக்கு வரவில்லை. ஆனால் அந்தச் செய்தி என் வீட்டிலிருந்து பொதுக்கிணற்றுக்குப் போவதற்குள் தொகைக்குப் பின்னால் ஒரு பூச்சியம் கூடிவிட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சந்தியோகு வீட்டுக்கு வந்து மீன் பையைக் குசினி வாசலில் வைத்தார். நான் அதைத் தொடவில்லை.

“எப்ப கூடினவை?” என்று கேட்டேன்.

“போன சனிக்கிழமை. கோயில் முற்றத்தில.”

“நான் வகுப்பில இருக்கேக்க.”

“உன்னை விட்டிட்டுக் கூடவேணும் எண்டு ஆரும் நினைக்கேல்ல, ஜெனி. ரீச்சருக்கு இப்ப நிறுவனம் குடுக்குதுதானே, அந்தப் பங்கைக் கோயில் மணிக்கூண்டுக்குப் போடுவம் எண்டு கதை வந்தது. எல்லாரும் கை தூக்கினவை.”

“நீங்களும்?”

அவர் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். தேவைக்கு அதிகமான நேரம் குடித்தார்.

“ஒரு வீட்டுக்கு ரெண்டு பங்கு எண்டு கனகாலமாக் கதை இருக்குது. நான் மட்டும் தூக்காமல் இருந்தால் என்ன சொல்லுவினம்?”

பதினொரு வருடம் ஒன்றாக இருந்த மனிதர். முகாமில் ஒரு கோப்பைக் கஞ்சியைப் பாதியாக ஊற்றித் தந்தவர். ஊர் என்ன சொல்லும் என்று வந்ததும் கையைத் தூக்கிவிட்டார். நான் அழவில்லை. எனக்கு அழுகை வரவே இல்லை, பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை நொந்ததுதான் மிச்சம். அன்றிரவு சோறும் சம்பலும்தான். மீனை அடுத்த வீட்டுப் பூனைக்குப் போட்டேன்.

மறுநாள் வகுப்பில் பாடம், பிள்ளைகளின் கோபத்தை எப்படிக் கையாள்வது என்பது. மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்ல வேண்டுமாம், ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்ல வேண்டுமாம். நான் பத்து வரை எண்ணினேன். பிறகு நூறு வரை எண்ணினேன். பக்கத்தில் இருந்த றஹீமாவிடம் விசயத்தைச் சொன்னதும் அவள் கொப்பியை மூடிவிட்டுச் சிரித்தாள். அது சந்தோசத்துச் சிரிப்பு இல்லை. றஹீமா புத்தளத்தில் அகதியாக இருந்து திரும்பி எருக்கலம்பிட்டியில் முன்பள்ளி நடத்துகிறவள்.

“எங்கட ஊரிலயும் அதேதான். புள்ளைகள்ட உம்மாமார் மாசக் காசை நிப்பாட்டிட்டாங்க. கேட்டா, ‘ஒங்களுக்கு என்ன ரீச்சர், வெளிநாட்டுக் காசு’ எண்டுறாங்க. வெளிநாட்டை நான் இன்னும் கண்ணால காணேல்ல.”

வகுப்பு முடிந்ததும் திட்டத்துக்குப் பொறுப்பான இந்திராதேவி மிஸ்ஸின் கந்தோருக்குப் போனேன். நல்ல மனுசி. கதிரையைத் துடைத்து என்னை இருத்தினார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரு பைலை எடுத்து, அதில் ஒரு இடத்தில் விரலை வைத்தார். அங்கே ‘சமூகப் பங்களிப்பு’ என்று இருந்தது.

“ஜெனிற்றா, ஊர் ஏதோ ஒண்டு உங்களுக்குக் குடுக்கவேணும். காசோ, மீனோ, நெல்லோ. குடுக்கினம் எண்டு வருசத்துக்கு ஒருக்கா ஊர்க் கடிதம் வரவேணும். ஊர் கைவிட்ட ஆளுக்கு நாங்கள் மட்டும் குடுத்தால், திட்டம் முடிய அவ நடுத்தெருவில நிப்பா. அதுக்காகத்தான் இந்த நிபந்தனை.”

“நீங்கள் குடுக்கிறியள் எண்டுதானே மிஸ் ஊர் நிப்பாட்டினது.”

“விளங்குது.”

“கடிதம் வராட்டி?”

“ஒன்பது நாள் இருக்குது. அடுத்த கிழமை கழிச்சு வாற திங்கள் கடைசி. வராட்டிக் கட்டணமும் நிக்கும், கொடுப்பனவும் நிக்கும். காத்திருக்கிற ஒராளை உங்கட இடத்தில போடுவினம். எனக்கு மேல ஆக்கள் இருக்கினம்.”

திரும்பி வருகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி இதைத் திருப்பித் திருப்பி யோசித்தேன். பங்கு இருந்தால்தான் படிப்புக்குக் காசு. படிப்புக்குக் காசு என்பதால் பங்கு இல்லை. இரண்டு பக்கமும் நியாயம் பேசுகிறது. இரண்டு பக்கமும் என் நன்மைக்காகத்தான் பேசுகிறது. அதுதான் எனக்கு நெருப்பாக இருந்தது. அநியாயக்காரனை ஏசிவிட்டாவது போகலாம். இவர்களை என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் கலையும்வரை நின்று, சம்மாட்டியாரை வேப்பமரத்தடியில் மறித்தேன். கடிதத்தை நானே எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ‘எங்கள் ஊர் வெள்ளிக்கிழமை மீனில் ஒரு பங்கை முன்பள்ளி ஆசிரியைக்குக் கொடுக்கிறது.’ ஒரே ஒரு வரி. கையெழுத்து மட்டும்தான் வேண்டும். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார்.

“குடுக்காததைக் குடுக்கிறம் எண்டு எழுதச் சொல்லுறியளோ, ரீச்சர்? பூசையில நன்மை அப்பம் வாங்கின நாக்கு இன்னும் காயேல்ல.”

“அப்ப குடுங்கோ. குடுத்திட்டு எழுதுங்கோ.”

“கோயில் முற்றத்தில எல்லாரும் கை தூக்கி எடுத்த முடிவு. நான் தனிய மாத்தேலாது.” கடிதத்தை நான்காக மடித்து என்னிடமே தந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒரு வழி இருக்குது. படிப்பை விடுங்கோ. அடுத்த வெள்ளியே பங்கு பழையபடி வரும். அதுக்கு நான் பொறுப்பு.”

நான் கடிதத்தைப் பைக்குள் வைத்தேன். அவர் விடவில்லை.

“ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லுங்கோ. படிச்சு முடிச்சால் இஞ்ச இருப்பியளோ? பக்கத்து ஊர்ப் பிள்ளை டிப்ளோமா எடுத்த கையோட ரவுணுக்குப் போயிட்டுது. அங்க பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்குது.”

பதில் என் வாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. ஏனென்றால் மன்னாரில், பள்ளிமுனையில் ஒரு முன்பள்ளி டிப்ளோமா உள்ளவர்களுக்கு மாதச் சம்பளம் தருகிறது என்று எனக்குத் தெரியும். ஒருநாள் வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நேரம் இருந்தபோது அந்தக் கட்டடத்தின் மதிலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டும் வந்தவள் நான். போவேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் போகக்கூடியவளாக இருக்க எனக்கு ஆசை. ஐந்து வருடம் மீனுக்குப் படிப்பித்தவளுக்கு அந்த ஆசைகூட வரக்கூடாதா? இந்த ஊரிலிருந்து கட்டாருக்கு வேலைக்குப் போன பெடியன்கள் யாரிடமாவது இந்தக் கேள்வியை இவர் கேட்டாரா? அவர்களை மாலை போட்டல்லவா அனுப்பினார்கள். இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் வேலிக் கதியால்களுக்குச் சொன்னேன்.

புதன்கிழமை ஒரு பிள்ளை கடலுக்குச் சிவப்பு நிறம் தீட்டினாள் என்று சத்தம் போட்டுவிட்டேன். நாலு வயதுப் பிள்ளை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் ஒளித்துக்கொண்டாள். நான் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, சிவப்பாகவே தீட்டு என்று சொன்னேன். ஆனால் அவள் தீட்டவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. இந்தக் கோபத்தை இனிமேல் அதற்குச் சொந்தக்காரரிடமே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காற்றுக் கொஞ்சம் மாறி வலை பிந்தித்தான் வளைத்தார்கள். பன்னிரண்டு மணிக்கு நான் போனபோது இரண்டு கயிற்றிலும் பத்துப் பத்துப் பேர் பின்னுக்கு நடந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலை இன்னும் கடலில். றசாக் பெட்டியோடு தூரத்தில் நின்றார். நான் செருப்பைக் கழற்றினேன். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினேன். தெற்குக் கயிற்றின் கடைசி ஆள் சந்தியோகு. அவருக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

இந்தக் கரையில் ஒரு முறை இருக்கிறது. வலை கடலில் நிற்கும்போது கயிற்றில் கை வைத்து இழுத்தவன் யாராக இருந்தாலும் அவனுக்கு மணலில் ஒரு குவியல் வைத்தே ஆகவேண்டும். வழிப்போக்கன் இழுத்தாலும் உண்டு, சம்மாட்டியாரின் எதிரி இழுத்தாலும் உண்டு. பெண் இழுத்தால் என்ன என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. இதுவரை ஒருத்தியும் வராததால் சொல்லத் தேவை இருக்கவில்லை.

கயிறு ஈரமும் மணலுமாக இருந்தது. மூன்றாவது இழுப்பிலேயே உள்ளங்கை எரியத் தொடங்கிவிட்டது. சந்தியோகு திரும்பிப் பார்த்தார்.

“விடு, ஜெனி. சனம் பாக்குது.”

“கையைத் தூக்கேக்கயும் சனம் பாத்ததுதானே. முன்னுக்குப் பாத்து இழுங்கோ.”

முன்னால் நின்ற சிலர் சிரித்தார்கள். ஒருவன், ரீச்சர் பாட்டுச் சொல்லித் தாங்கோ, இழுப்பம் என்றான். நான் பதில் சொல்லாமல் இழுக்க இழுக்க அந்தச் சிரிப்பு ஒவ்வொருவராக நின்றுபோனது. சம்மாட்டியார் முழங்கால் தண்ணீரில் நின்று வலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சத்தம் போட்டபடி ஓடிவந்தார். ஒரு கயிறு தளர்ந்தால் வலை சாய்ந்து மீன் முழுக்கப் போய்விடும். என்னைக் கயிற்றிலிருந்து பிரிப்பதென்றால் இரண்டு பேராவது கையை விடவேண்டும். யாரையும் கை விடச் சொல்ல அவரால் முடியவில்லை.

“என்ன வேலை இது, ரீச்சர்? என்ன செய்யுறியள்?”

“பொய் எழுத ஏலாது எண்டனீங்கள், சம்மாட்டியார். உண்மை எழுத வழி செய்யுறன்.” மூச்சு வாங்கியது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். “இண்டைக்கு மணலில எனக்கு ஒரு குவியல் வைக்கத்தான் வேணும். வைச்சால் வெள்ளிக்கிழமை மீனில ரீச்சருக்குப் பங்கு குடுக்கிறம் எண்டு எழுதலாம். வைக்காட்டி, கயிறு பிடிச்ச ஆளுக்குப் பங்கில்லை எண்டு இந்தக் கரையில முதல் முதல் சொன்ன சம்மாட்டி நீங்கள்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். அதில் என் கை பிடித்த இடத்தில் இரத்தம் பட்டிருந்தது. நான் அதைக் காட்டுவதற்காகப் பிடிக்கவில்லை, மறைப்பதற்கும் பிடிக்கவில்லை. சந்தியோகு முன்னுக்குப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய காதுகள் சிவந்திருந்தன. வடக்குக் கயிற்றுக்காரர்கள் இழுத்துக்கொண்டே எங்கள் பக்கம் பார்த்தார்கள்.

மீன் நிற்கிற மடி கரைக்குக் கிட்ட வந்ததும் சம்மாட்டி தலை எண்ணுவது வழக்கம். எத்தனை தலையோ அத்தனை குவியல். அமிர்தநாயகம் வடக்குக் கயிற்றிலிருந்து தொடங்கினார். விரலை நீட்டி, ஒவ்வொருவராக, எப்போதும் போலச் சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தார். பத்து. பிறகு எங்கள் கயிறு. பதினொன்று, பன்னிரண்டு. விரல் ஆள் ஆளாக நகர்ந்தது. பதினெட்டு, பத்தொன்பது. சந்தியோகுவைக் காட்டி இருபது என்றார்.

அடுத்த அடி வைத்து என் முன்னால் வந்து நின்றார். நீட்டிய விரல் என் நெஞ்சுக்கு நேரே நின்றது. அவருக்குப் பின்னால், முழங்கால் தண்ணீரில், மீன் துள்ளத் தொடங்கியிருந்தது. மீனை விட்டுவிட்டு எல்லோரும் அந்த விரலைப் பார்த்தார்கள். கயிறு இன்னும் வந்துகொண்டிருந்தது. நான் கையை மாற்றி அடுத்த பிடியைப் பிடித்தேன்.