படுத்தபடி ஒரு போர்டு மீட்டிங்

காலை பதினொன்றே காலுக்கு மாமா குறட்டை விட்டார். பெரியவள் பதறிப்போய் அவர் பக்கம் திரும்பினாள்.

அது மெத்தைக் கம்பெனி. போர்டு ரூமில் நாற்காலி கிடையாது. நான்கு கட்டில், நான்கு மெத்தை. இயக்குநர்கள் படுத்துக்கொண்டுதான் பேச வேண்டும் என்பது அப்பா வைத்த சட்டம். தூங்கிவிட்டவரை எழுப்பக் கூடாது, அவர் கையிலுள்ள ஓட்டு எதுவும் செல்லாது என்பது அந்தச் சட்டத்தின் வால்.

அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். தலைவர் பதவி அக்காவுக்கா, தம்பிக்கா என்று இன்று ஓட்டு. ஃபேக்டரியை இத்தனை வருடம் கட்டி மேய்த்தவள் பெரியவள். சின்னவன் விற்பனைப் பிரிவு. வாய்ப்பந்தல் போடுவதில் மன்னன். இயக்குநராகவும் இருக்கும் கம்பெனி வக்கீல் அவன் பக்கம். மாமா இவள் பக்கம். மாமாவுக்கு இரண்டு ஓட்டு: தன்னுடையது ஒன்று, அம்மா தனக்குப் பதிலாகப் போடச் சொல்லி எழுதிக்கொடுத்தது ஒன்று. அந்த நன்றியில்தான் தான் புதிதாக உருவாக்கிய மெத்தையை அவருக்கு விரித்திருந்தாள்.

"மாமா, விளையாடாதீங்க மாமா," என்று கிசுகிசுத்தாள்.

"எழுப்பாதக்கா. சட்டம்," என்றான் சின்னவன். "வக்கீல் சார், எண்ணுங்க."

வக்கீல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். அவருக்குக் கிடைத்தது பழைய நார் மெத்தை. "தம்பிக்கு ரெண்டு. அக்காவுக்கு ஒண்ணு. பன்னெண்டு அடிச்சதும் முடிவு எழுதிடலாம்."

"என் மெத்தைதான்டா அவரைச் சாய்ச்சிருச்சு," என்றாள் பெரியவள். அழுகையா பெருமையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அட போக்கா. மாமா தன் கல்யாணத்துலயே தூங்கினவரு. அத்தை இன்னும் சொல்லிக் காட்டுறாங்க. இதுல உன் மெத்தை என்ன பண்ணுச்சு?"

"அப்ப நீ படுத்துப் பாரேன். பயமா இருக்கா?"

"தம்பி, ஜெயிச்சாச்சு. வம்பு வேணாம்," என்றார் வக்கீல்.

சின்னவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஓட்டுச் சேகரிக்க அலைந்ததில் அவன் மூன்று ராத்திரியாகக் கண் மூடவில்லை, அதை மறந்துபோனான். மாமாவைப் பச்சைக் குழந்தையைப் போல ஓரமாக உருட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு படுத்தான்.

"இதுல என்ன பெரிய விசேஷம்? சாதா மெத்தை. இடுப்புக்கிட்ட மட்டும் கொஞ்சம் மெத்து..."

வாக்கியம் அத்தோடு நின்றது. மாமாவின் குறட்டைக்கு ஒரு துணைக்குரல் சேர்ந்தது. மாமா தூக்கத்திலேயே மருமகன் வயிற்றின் மேல் காலைத் தூக்கிப் போட்டார்.

பெரியவள் வக்கீல் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணுக்கு ஒண்ணு," என்றார் அவர். "சமமா நின்னா அடுத்த மாசம் திரும்பப் படுக்கணும்."

கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு இன்னும் நேரமிருந்தது. தன் நார் மெத்தையைப் பார்த்தார். கட்டிலில் கிடந்த இருவரையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு இடுப்பைத் தடவிக்கொண்டே அவள் பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, அந்தக் கால்மாட்டுல எனக்குக் கொஞ்சம் இடம் கிடைக்குமா?"