கயிறு பிடிக்கிறவனுக்குப் பகடை இல்லை

ரோச்சுக்கு வலது காது மூன்று நாளாகக் குத்திக்கொண்டிருந்தது. எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பது அடி ஆழத்தில் சங்கு பொறுக்குகிறவனுக்குக் காதுவலி புதிதல்ல. வாடைக்காற்றில் கடல் கலங்கி, முங்க வழியில்லாமல் கரையில் உட்கார்ந்ததில்தான் அது பெரிதாகத் தெரிந்தது.

வலியை மறக்க ஒரு விளையாட்டு வாய்த்தது. கப்பலில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன் பர்னபாஸ் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்திருந்தான். காயும் இல்லை, கட்டமும் இல்லை. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அதற்குள் ஆளாக நின்று இன்னது செய்கிறேன் என்பார்கள். நடக்குமா, நடக்காதா என்று இருபது முகப் பகடை தீர்ப்புச் சொல்லும்.

டாக்கீஸில் பார்த்த ரத்தக்காட்டேரிப் படத்தை அதற்குள் இறக்கலாம் என்றது ரோச்சின் மைத்துனன் தொம்மை. படத்தில் பனிமலை, கோட்டை, பகலெல்லாம் சவப்பெட்டியில் தூங்கும் துரை.

"பனிக்கு நாம எங்கல போக?" என்றான் ரோச். "வெயில் பட்டா சாவான்லா? கடலுக்கடியில போடு. முங்கின கப்பல்ல கெடக்கட்டும்."

"சிலுவையக் கண்டா ஓடுவானே," என்றான் பர்னபாஸ்.

"நம்ம தெருவுல குருசு இல்லாத கழுத்து எது? வந்த அன்னைக்கே ஊரக் காலி பண்ணிருவான். அந்தச் சட்டத்த எடுத்துரு."

பர்னபாஸ் சிரித்துக்கொண்டே, சட்டங்களை எழுதிவைத்திருந்த நோட்டில் அந்த வரியை அடித்தான். "சரி, முங்குறவனுக்குப் பகடை உண்டு. கயிறு பிடிக்கிறவனுக்கு?"

"அவனுக்கு எதுக்கு? மச்சான்தான பிடிப்பான்."

முங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தான்தான் பிடிப்பான். கூடப்பிறந்தவள் தாலியறுக்க எவன் பார்த்திருப்பான்? விளையாட்டிலும் ரோச் முங்கினான், தொம்மை கயிறு பிடித்தான். மச்சான் கையை விட்டால் என்ன ஆகும் என்று மூவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அதற்குச் சட்டம் எழுதவுமில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில், கதையில் சவப்பெட்டி திறந்தது. பர்னபாஸ் குரலைத் தாழ்த்தினான்.

"கயிறு ஆடுது, தொம்மை. இழுன்னு சொல்லுதான் ரோச்சு. ஆனா கனம் ரெட்டையா இருக்கு. காட்டேரி அவன் கால்ல தொங்குது. இழுத்தா ரெண்டுந்தான் வரும்."

"வள்ளத்துல வேற எத்தன பேரு?"

"நாலு."

"அப்ப விட்டுருதேன்."

"எத விடுத?"

"கயித்த. அது மேல வந்தா நாலு பேரையும் கடிக்கும்லா."

பர்னபாஸ் நோட்டைப் புரட்டினான். ஒன்றும் இல்லை. "பகடை கெடையாது. விட்டா விட்டதுதான். ரோச்சு, நீ செத்துட்ட."

"ஒங்கக்காகிட்ட என்னல சொல்லுவ?" என்றான் ரோச்.

"கததான அத்தான்," தொம்மை சிரித்தான். "நல்ல மனுசன்னு கல்லறையில எழுதிருவோம்."

ரோச்சும் சிரித்தான். நாலு பேருக்கு ஒருவன், கணக்கு சரிதான். அதுதான் அரித்தது. ஒரு பீடி இழுக்கிற நேரம்கூடத் தொம்மை யோசிக்கவில்லையே. வீட்டில் பெண்டாட்டி பிளாரன்ஸிடம் சொல்லவும் வாய் வரவில்லை. தம்பியைப் பற்றி என்னவென்று சொல்வது?

மறுநாள் தண்ணீர் தெளிந்தது. வள்ளத்தில் ரோச் இடுப்பு முடிச்சை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினான். கனத்துக்குக் கட்டிய கல்லில் காலை வைத்து இறங்கினான். கண்ணுக்கு நேரே மூன்று சங்கு. ஒன்றை எடுப்பதற்குள் கண் மேலே கயிற்றுக்குப் போனது. பாதி மூச்சிலேயே, இழு என்று கயிற்றை ஆட்டாமல், தானே நீந்தி ஏறினான். அப்படியே ஐந்து முங்கல். மற்றவர்கள் பையில் ஆளுக்கு இருபது சங்கு கிடந்தது, இவன் பையில் நாலு.

"கயித்த ஆட்டவே மாட்டேங்கீரே, அத்தான்," என்றான் தொம்மை. "நான் சும்மா சுருட்டிக்கிட்டு நிக்கேன். பாக்கிறவன் என்ன நெனப்பான்?"

ரோச் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். "நேத்து நீ ஒரு இழுப்பு இழுக்கல."

"அது வெளையாட்டுலா!"

"நாலு பேருன்னதும் விட்டியே. இங்கயும் வேற நாலு பேரு இருக்காங்க."

தொம்மையின் முகம் கறுத்தது. கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றினான். "எறங்கும். இப்ப இழுக்கேன்."

ரோச் இறங்கினான். அடியில் மண் தட்டியது. கயிற்றை ஆட்டக் கை எழவில்லை. மூச்சு முட்டும்வரை நின்றுவிட்டு, தானே நீந்தி மேலே வந்தான். தொம்மை அவனுக்குத் தரவேண்டிய ஒரு இழுப்பு பாக்கி நின்றது.