தொக்தோசுனின் குரல் தங்கிய வீடு

ஜுமாலி இறந்த மறுநாள் காலை, அவருக்கான அழுகை மட்டும், ஆட்கள் இல்லாமல், தனியாகச் சாரி-பெல் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. ஊருக்குள் நோய் நுழையாமலிருக்கச் சாலைக்குக் குறுக்கே ஓர் இரும்புக் குழாயைக் கட்டி, பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் மெலிஸைக் காவல் வைத்திருந்தார்கள். துக்க வீட்டை நெருங்கும் ஆண்கள் தூரத்திலிருந்தே எழுப்புகிற ஓலத்தோடு முப்பது முப்பத்தைந்து குரல்கள் குழாய்க்கு முன்னால் வந்து நின்றன என்று அவர் பிறகு சொன்னார். காய்ச்சல் பார்க்கும் கருவியைக் காற்றில் நீட்டிப் பார்த்தார். அது ஒன்றும் காட்டவில்லை. யாரு, எந்த ஊரு என்று கேட்டதற்கு ஒவ்வொன்றும் மரியாதையாகப் பதில் சொன்னது. ஆட்களை விடக்கூடாது என்றுதான் உத்தரவு. குரல்களைப் பற்றி அதில் ஏதுமில்லை. அவர் குழாயைத் தூக்கிவிட்டார். கடைசியாகப் போனது எகி-சாய் கிராமத்துத் தொக்தோசுனின் குரல். மற்றவை வழக்கமான சொற்களைச் சொல்லி அழ, அது மட்டும் "நாந்தான் கொண்டாந்தேன் மச்சான், நாந்தான் கொண்டாந்தேன்" என்று அழுதுகொண்டு போயிற்று.

தொக்தோசுன், ஜுமாலியின் மனைவி சைராகுலுக்கு ஒரே தம்பி. அவளுக்குப் பின் பிறந்த நான்கும் தங்காமல் போனதால், இதுவாவது தங்கட்டும் என்று அந்தப் பொருளிலேயே பெயர் வைத்திருந்தார்கள். எகி-சாயிலிருந்து நகரத்துக்கு வேன் ஓட்டினான். நோய் வருகிறது என்று வசந்தகாலத்தில் செய்தி வந்தபோது அந்த மலைப்பக்கம் முழுக்கச் சிரித்தது. அதிகம் சிரித்தவன் அவன். முகக்கவசம் போட்டவர்களை வேனில் ஏற்றும்போது, "என்னய்யா, பேங்க்குல கொள்ளையடிச்சிட்டு வர்றீங்களா?" என்பான். அப்புறம் இஞ்சி, ஆட்டுக்கறி விலைக்கு ஏறியது. மருந்தென்று எல்லாரும் தேடிய நாய்க்கொழுப்பு கிடைக்காமல் போனது. நோய் அண்டாதென்று வீடு வீடாக ஜூனிப்பர் தழையைக் கொளுத்திப் புகை போட்டதில் சாரி-பெல்லின் கோழிகள் எல்லாம் ஒரு வாரம் தும்மின. அப்போதும் அவன் நம்பவில்லை. ஜூன் மாதம் அக்கா வீட்டு ஆடுகளுக்கு ரோமம் வெட்ட வந்தவன் வாசலிலேயே இருமினான்.

"இருமுறியேடா," என்றாள் சைராகுல்.

"ரோட்டுப் புழுதிக்கா. நீயும் டிவிக்காரன் சொல்றத நம்ப ஆரம்பிச்சிட்டியா? மச்சான், உன் பொண்டாட்டிய முதல்ல ஊசி போட்டுப் படுக்க வை."

ஜுமாலிக்கு மச்சினன் என்ன சொன்னாலும் சிரிப்புதான். அன்று இருவரும் ஒரே கிண்ணத்தில் மாற்றி மாற்றிக் குதிரைப்பால் குடித்தார்கள். ஒன்பதாம் நாள் ஜுமாலி படுத்தார். சலித்த மாவு கேட்டுத் தினம் வரும் பக்கத்து வீட்டுப் புருல், பால் சட்டியை வேலியோரம் வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்தபடி ஓடினாள். முப்பது வருஷம் அவரோடு சீட்டாடியவர்கள் அவர் வீட்டுச் சுவரை விட்டு விலகித் தெருவின் அந்த ஓரமாக நடந்தார்கள். நகரத்து ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லையென்று நான்கு ஊசிமருந்தைக் கொடுத்துத் திருப்பியனுப்பினார்கள். அதைப் போட ஆள் கிடைக்காமல், ஆடுகளுக்குப் போட்ட பழக்கத்தில் சைராகுலே போட்டாள். நான்காவது ஊசி மிச்சமாகிவிட்டது. வெள்ளை உடை போட்ட நான்கு பேர் வந்து, குளிப்பாட்டாமல், யாருக்கும் முகம் காட்டாமல், ஒரு மணி நேரத்தில் புதைத்துவிட்டுப் போனார்கள். காகிதத்தில் நுரையீரல் அழற்சி என்று எழுதியிருந்தது. அதனால் சாரி-பெல் நோயில்லாத ஊராகவே நீடித்தது. அதில் ஊர்த்தலைவருக்கு நிம்மதி.

அன்று சாயங்காலம் தொக்தோசுனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவன் ஒரு வார்த்தை பேசுமுன் அவள் சொன்னாள்: "நீதான்டா கொண்டாந்து விட்ட. சிரிச்சுக்கிட்டே கொண்டாந்து விட்ட. என் வாசப்படிய மிதிக்காத. நான் செத்தாலும் மிதிக்காத." அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. அவள் வைத்துவிட்டாள்.

துக்கத்துக்கான கம்பளிக் கூடாரத்தைப் பத்துப் பேர் சேர்ந்து கட்டுவது வழக்கம். அவள் மறுநாள் விடிந்ததும் தனியாளாகக் கட்டினாள். ஒரு பக்கம் சரிந்து நின்ற அதற்குள், துக்க வீட்டுப் பெண்கள் உட்காரும் முறைப்படி, உடல் கிடக்க வேண்டிய இடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஒப்பாரி வாய்க்குள்ளேயே நின்றது. அப்போதுதான் குரல்கள் வந்தன. கூடாரத்தைச் சுற்றி வரிசையாக நின்று, தடியூன்றிக் குனிந்த ஆண்களைப் போல் அவை அழுதன. வேலிக்கு அப்பால் நின்ற ஊர்ப்பெண்களுக்குத் தங்கள் அண்ணன் மாமன் குரல்கள் அடையாளம் தெரிந்தன. அவர்களும் அங்கிருந்தே அழுதார்கள். குரல்களிடமிருந்து நோய் ஒட்டுமா என்று ஊர்த்தலைவர் நகரத்துக்குப் போன் செய்து கேட்டார். எழுத்து மூலம் கேட்கச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் குரல்கள் வந்த வழியே போய் அவரவர் தொண்டைக்குத் திரும்பின. தொக்தோசுனுடையது மட்டும் போகவில்லை. வீட்டு வாசற்படியை மிதிக்காமல் ஒரு முழம் வெளியே நின்று, அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தது. சைராகுல் அதைக் கடந்து போவாள், வருவாள், திரும்பிப் பார்க்கமாட்டாள். ஒரு தடவை பாத்திரம் கழுவிய தண்ணீரை அதன் மேலேயே ஊற்றினாள். குரல் கொஞ்சம் நடுங்கிவிட்டுத் தொடர்ந்தது. "உள்ளதான் விடேன், பாவம்," என்று புருல் வேலியோரத்திலிருந்து சொன்னாள். "உனக்கென்ன, நீ வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிறவ," என்றாள் சைராகுல்.

ஏழாம் நாள் தொக்தோசுனின் மனைவி நூர்ஜாத் போன் செய்தாள். நலம் விசாரிக்கிற குரலிலேயே ஆரம்பித்தாள், பிறகு முடியவில்லை.

"அவரு போயி அஞ்சு நாளாச்சு அக்கா. ஆஸ்பத்திரி நடையிலதான் கிடந்தாரு. அன்னிக்கு உங்களுக்குப் போன் போட்டப்பவே மூச்சு முட்டிருச்சு, ஒண்ணும் பேச முடியல. விடிஞ்சதும் சுத்தமா குரலே இல்ல. வாய அசைக்கிறாரு, சத்தம் வரல. நர்ஸு நோயினாலதான்னு சொன்னா. நீங்க கோவமா இருக்கீங்கன்னு… எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல அக்கா."

சைராகுல் போனைக் கீழே வைக்காமலே வாசலுக்கு வந்தாள். குரல் அங்கேதான் இருந்தது, ஐந்து நாளாகத் திரும்பிப் போகத் தொண்டை இல்லாமல். அவள் கதவை முழுசாகத் திறந்து, "உள்ள வாடா. போதும், வா," என்றாள். அழுகை நின்றது. கதவுத் திரை அசையவில்லை. ஆனால் உள்ளே அடுப்புப் பக்கத்திலிருந்து, "அக்கா, குளிருது," என்று அவன் சொன்னது கேட்டது. அப்போதுதான் அவளுக்கு ஒப்பாரி வந்தது. கணவனுக்கும் தம்பிக்கும் சேர்த்து, பெயர்களை மாற்றி மாற்றி, பொழுது சாயும்வரை பாடினாள். புருல் அன்று வேலியைத் தாண்டி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

இலையுதிர்காலத்தில் குழாயை எடுத்தார்கள். சைராகுல் பதினோரு கிலோமீட்டர் நடந்து எகி-சாய் போய், தம்பியின் மண்மேட்டைத் தொட்டுவிட்டு வந்தாள். குரல் அவளுடன் வரவில்லை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்றது. அந்தக் கோடையைப் பற்றி இருவரும் அதற்குப் பிறகு பேசியதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவன் வீட்டில் ஆண்கள் எத்தனை என்று கேட்டபோது, அவள் பதில் சொல்லுமுன் குரல் சொல்லிவிட்டது, அவனும் எழுதிக்கொண்டான். அடுத்து வந்த ஐந்தாறு வருஷங்களில் சாரி-பெல்லுக்கு மொபைல் கோபுரம் வந்தது, கூட்டுறவுப் பால் நிலையம் வந்து மூடப்பட்டது, மெலிஸ் ஓய்வு பெற்றார்.

ஒவ்வொரு கோடையிலும் நூர்ஜாத் பிள்ளைகளோடு வந்து ஒரு வாரம் தங்குகிறாள். அப்பா போனபோது அம்மா வயிற்றிலிருந்த கடைக்குட்டி ஐதானா, எல்லார் வீட்டிலும் அப்பாக்கள் இப்படித்தான் அடுப்புப் பக்கம் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன தடவை வேன் வந்து ஹாரன் அடித்ததும், "போய்ட்டு வரேன்ப்பா!" என்று கத்திவிட்டு ஓடினாள்.

"செருப்ப மாத்திப் போட்டிருக்க பாரு," என்றது குரல். அவள் குனிந்து பார்த்து, மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள்.