தோற்றவர் சொல்லவேண்டிய ஒரு நல்ல வார்த்தை

டன்னெட் பாயின்ட் என்ற எங்கள் கடலோர ஊரில், தேர்தலில் தோற்றவருக்கு ஒரு கடமை உண்டு. தம்மைத் தோற்கடித்தவரை, புதிய நகர மன்றம் கூடும் முதல் நாளில், ஊரார் முன்னிலையில் அவரே அறிமுகப்படுத்தவேண்டும். அந்த அறிமுகத்தில் ஒரு நல்ல வார்த்தையாவது இருக்கவேண்டும். அது உண்மையாகவும் இருக்கவேண்டும். கூடத்தில் இருப்பவர்கள் அதைக் கேட்டு "ஆமா" என்று ஒப்புக்கொண்ட பிறகே வென்றவர் தம் நாற்காலியில் அமரலாம். தோற்றவர் வாய் திறக்க மறுத்துவிட்டால் அந்த மாதம் நாற்காலி காலியாகவே இருக்கும். அடுத்த மாதம் மன்றத் தலைவர் அந்தக் கடமையைச் செய்வார். தேர்தல் பகையைக் கடலுக்குக் கொண்டுபோய் ஒருவருடைய வலைக்கயிற்றை மற்றவர் அறுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஏற்பட்ட வழக்கம் இது. நான் மன்றத் தலைவராக இருந்தவரை இதில் எள்ளளவும் பிசகவிட்டதில்லை.

இம்முறை தோற்றவள் நான், லவினியா த்ராஷர். வென்றவர் ஆரின் பீஸ்லி.

ஆரின், சிங்கி இறால் பிடிப்பவர்களுக்கு இரைமீன் விற்பவர். தேர்தல்தோறும் என்னை எதிர்த்து நிற்பார், தேர்தல்தோறும் தோற்பார். சென்ற முறை அவருக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அது அவருடையது. அவர் மனைவி டார்லீன் எனக்குத்தான் போட்டாள். தபால் நிலையத்தில் அதை என்னிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தாள். அதன்பிறகு ஆரின் இரைமீன் வண்டியை எடுக்காமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். இரை இல்லாமல் படகுகள் கரையில் நின்றன. ஆகவே இந்தத் தேர்தலில் ஊரிலுள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: லவினியா எப்படியும் வென்றுவிடுவாள், பாவம், ஆரினுக்கு நாமாவது ஓர் ஓட்டுப் போடுவோம்.

முடிவு வெளியான மறுநாளிலிருந்து, எதிரில் வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் துக்கம் விசாரிப்பதுபோல் பேசினார்கள். மட்டி தோண்டிப் பிழைக்கும் ரோண்டா பீல், கடைவாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் மேல கோவமா, லவினியா? நான் ஒருத்தி போட்டா என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன்."

"எல்லாருமே அந்த ஒருத்திதான், ரோண்டா. ஓட்டுன்னா, உடம்பு சரியில்லாதவங்களுக்குப் பரிதாபப்பட்டுக் கொண்டுபோய்க் குடுக்கற சூப்பா?"

"அவன் மூஞ்சியப் பாத்தா மனசு கேக்கல."

"என் மூஞ்சியப் பாத்தா கேட்டுச்சோ?"

"உங்க கண்ணுல எப்ப அழுகை வந்துருக்கு?" என்றாள்.

வருத்தம் எனக்கு மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். ஊரின் பழைய இறங்குதுறையைக் குத்தகைக்குக் கேட்டுப் பாஸ்டனிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. அங்கே வேலி போட்டு, உல்லாசப் படகுகளைக் கட்டப்போகிறார்களாம். கடல் வற்றும்போது மட்டி தோண்டுபவர்கள் சேற்றுப் பரப்புக்கு இறங்குவது அந்தத் துறை வழியாகத்தான். அதை விட்டால் செங்குத்தான பாறை. நிறைந்த கூடையோடு அதில் ஏறமுடியாது. ரோண்டாவைப் போன்ற குடும்பங்களுக்குத் துறை போனால் பிழைப்புப் போயிற்று. மாத இறுதிக்குள் பதில் கிடைக்காவிட்டால் வேறு ஊரைப் பார்த்துக்கொள்வதாகப் பாஸ்டன்காரர்கள் சொல்லியிருந்தார்கள். புதிய மன்றத்தின் முதல் கூட்டத்திலேயே ஓட்டெடுப்பு.

மன்றத்தில் ஐவர். வீடு விற்றுக்கொடுக்கும் மரியன் ஸ்ட்ரௌட்டும், படகு எஞ்சின் பழுதுபார்க்கும் டுவைட் காஃபினும் குத்தகைக்கு ஆதரவு. பள்ளிப் பேருந்து ஓட்டும் பெர்னீஸ் டோரும், எனக்குப் பின் தலைவரான கிளேடன் வாஸும் எதிர்ப்பு. ஐந்தாவது ஓட்டு என்னுடையதாக இருந்திருக்கவேண்டும். இப்போது அது ஆரினுடையது.

கூட்டத்தன்று, மன்றம் கூடும் தீயணைப்பு நிலையக் கூடத்தின் வாசலில் அவரை நிறுத்தினேன். திருமணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார், பொத்தான் எட்டவில்லை.

"ஆரின், துறை விஷயத்துல உங்க ஓட்டு எந்தப் பக்கம்?"

"நீங்க சொல்ற பக்கம்தான், மிசஸ் த்ராஷர்."

"நான் எதுவும் சொல்லல. உங்க முடிவ கேக்கறேன்."

"அதான், உங்க முடிவுதான் என் முடிவு."

அப்போது மரியன் எங்களைக் கடந்து போனாள். "ஆரின், நேத்து நாம பேசினபடிதானே?" என்று சிரித்தாள்.

"ஆமாங்க, அதுல என்ன சந்தேகம்!" என்றார் ஆரின், அதே முகமலர்ச்சியோடு. பிறகு என்னிடம் திரும்பி, "புளூபெர்ரி கேக் செஞ்சு கொண்டாந்தாங்க. நல்ல மனுஷி," என்றார்.

"எனக்கும் ஆமா, அவங்களுக்கும் ஆமாவா?"

"யாரு மனசையும் நோகடிக்கக் கூடாது பாருங்க."

நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அத்தனை ஆண்டுகளில் முதன்முறையாகப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். நாற்காலிகளைக்கூட யாரும் நேராகப் போட்டிருக்கவில்லை.

மூன்று இடங்களுக்குத் தேர்தல் நடந்திருந்தது. பெர்னீஸை எதிர்த்து யாரும் நிற்காததால், தீயணைப்பு நிலையத் தலைவர் அவளை அறிமுகப்படுத்தினார்: "பனிக்காலத்துல கூட பஸ்ஸ ஒரு பள்ளத்துலயும் விட்டதில்ல." கூடம் "ஆமா" என்றது. அடுத்து, டுவைட்டிடம் தோற்ற லெஸ்டர் எழுந்தார்.

"டுவைட் எனக்கு ஒரு எஞ்சின் வித்தாரு. மூணு தடவ நடுக்கடல்ல நின்னுது. மூணு தடவையும் அவரே படகு எடுத்துட்டு வந்து என்னைக் கரைக்கு இழுத்துட்டு வந்தாரு. இத நல்ல வார்த்தையா எடுத்துக்கிட்டாலும் சரி, எடுத்துக்கலைன்னாலும் சரி."

"ஆமா!" என்று கூடம் சிரிப்போடு அதிர்ந்தது. டுவைட் தொப்பியைக் கழற்றிக் காட்டிவிட்டு அமர்ந்தார்.

"அடுத்து, ஆரின் பீஸ்லி," என்றார் கிளேடன். "அறிமுகப்படுத்த வேண்டியவங்க லவினியா த்ராஷர்."

ரோண்டா என் விலாவில் இடித்தாள். "எந்திரிக்காதீங்க," என்று காதோடு சொன்னாள். "வாயத் திறக்காம உக்காந்துட்டா போதும். அவன் நாக்காலில உக்கார முடியாது. ரெண்டுக்கு ரெண்டு ஆகி, தீர்மானம் விழுந்துரும். துறை தப்பிச்சுரும்."

அதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வீட்டிலிருந்து புறப்பட்டதிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். முழங்காலின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆரின், காலியான நாற்காலிக்குப் பின்னால் நின்று, அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

கிளேடன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "லவினியாவுக்குத் தொண்டை சரியில்லபோல. அதனால என்ன, அடுத்த மாசம் பாத்துக்கலாம்," என்று மரச்சுத்தியை ஓங்கினார்.

அந்தக் கண்ணடிப்புத்தான் என்னை எழுப்பியது. தலைவர் நாற்காலியில் அமர்ந்துகொண்டு இப்படிக் கண்ணடிப்பவர், நாளை மரியனுக்காகவும் கண்ணடிக்கமாட்டார் என்று என்ன உறுதி? துறைக்காக வழக்கத்தை வளைத்தால், அடுத்த முறை வழக்கத்தை வளைத்தே துறையை விற்பார்கள்.

"என் தொண்டைக்கு ஒண்ணுமில்ல, கிளேடன். சுத்தியக் கீழ வையுங்க," என்றபடி எழுந்தேன். ரோண்டா முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள்.

"ஆரின் பீஸ்லியை உங்க எல்லாருக்கும் தெரியும்; இல்லைன்னா இத்தன பேர் பரிதாபப்பட்டிருக்க மாட்டீங்க. கேட்டவங்களுக்கு இவர் இல்லைன்னு சொன்னதே கிடையாது. இதுதான் நான் சொல்லவேண்டிய நல்ல வார்த்தை. உண்மையா, இல்லையா?"

"ஆமா!"

"இன்னும் முடியல. ஒரே ஏணிய ஒரே நாளைக்கு ரெண்டு பேருக்குத் தர்றேன்னு சொன்னவரும் இவர்தான். ஒரே நாய்க்குட்டிய ரெண்டு வீட்டுக்குத் தர்றேன்னு சொல்லி, ரெண்டு வீட்டுப் பிள்ளைங்களையும் அழவெச்சவரும் இவர்தான். வெளியில அத நாங்க பொறுத்துக்கிட்டோம். இங்க அது நடக்காது, ஆரின். இந்த நாற்காலில உக்காந்தா, ஒவ்வொரு தீர்மானத்துக்கும் யாராவது ஒருத்தர் முகத்தப் பாத்து முடியாதுன்னு சொல்லியாகணும். யாருக்குச் சொல்லணும்னு நான் சொல்லமாட்டேன்; அது முறையில்ல. ஆனா சொல்லத் தெரியாதவர் அங்க உக்காரக் கூடாது. உக்காருங்க."

கூடம் இரண்டாம் முறையும் "ஆமா" என்றது. அது வழக்கத்தில் இல்லாதது. இருந்தாலும் நான் கண்டிக்கவில்லை. ஆரின், கன்னம் சிவக்க, உட்கார்ந்தார்.

முதலில், சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்புகளை ஏற்பது. நால்வரும் சம்மதம் என்றார்கள்.

"முடியாது," என்றார் ஆரின்.

கிளேடன் திகைத்தார். "எதுல தப்பு இருக்கு?"

"தப்பு ஒண்ணுமில்லீங்க. நான் படிக்கவே இல்ல. சொல்ல வருதான்னு பாத்தேன். வருது."

அடுத்து, பனிக்காலத்தில் சாலை வழுக்காமலிருக்கத் தூவும் உப்பை வாங்குவது. "முடியாது," என்றார் ஆரின், முன்னதைவிட உரத்த குரலில். பின்வரிசையில் யாரோ, "அப்ப நீ வழுக்கி விழு!" என்று கத்தினார்கள். நல்லவேளை, மற்ற நால்வரின் ஓட்டால் அது நிறைவேறியது.

பிறகு துறை. மரியன் சம்மதம் என்றாள். டுவைட் சம்மதம் என்றார். பெர்னீஸ் இல்லை என்றாள். கிளேடனும் இல்லை என்றார். எல்லாருடைய கண்ணும் ஆரினின் மேல். மரியன் அவர் பக்கம் சாய்ந்து இனிமையாகப் புன்னகைத்தாள். ஆரினின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அந்த ஒரு கணத்தில், நான் எழுந்ததே பெருந்தவறு என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"முடியாதுங்க," என்றார் ஆரின். "மன்னிச்சுக்குங்க மரியன், கேக் ரொம்ப நல்லாத்தான் இருந்துது."

கூடம் எழுந்து ஆர்ப்பரித்தது. ரோண்டா என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் சட்டையில் சேற்று வாடை. நானும் சற்று நேரம் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கவில்லை.

ஆனால் பட்டியலில் இன்னொன்று மிச்சமிருந்தது. அதே துறையின் சரிவுப் பாதை உடைந்து, பலகைகள் பெயர்ந்து கிடக்கிறது. சென்ற குளிர்காலத்தில் ரோண்டாவின் தங்கை அதில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டாள். அதைச் செப்பனிட வழிவகை தேடி, ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கி, தீர்மானம் எழுதி வைத்தவள் நான். கிளேடன் அதை வாசித்தார். துறை கைநழுவிய ஆத்திரத்தில் மரியனும் டுவைட்டும் இல்லை என்றார்கள். பெர்னீஸும் கிளேடனும் சம்மதம் என்றார்கள்.

"முடியாது!" என்றார் ஆரின். ஊரே தமக்காகக் கைதட்டிய களிப்பு இன்னும் அவர் முகத்தில் இருந்தது.

நான் எழுந்துவிட்டேன். "ஆரின், அது அந்தத் துறையோட சரிவுப் பாதை! யாருக்காக இத்தன நேரம்..."

"லவினியா," என்றார் கிளேடன், மெல்ல. "கூட்டம் நடக்கறப்ப பார்வையாளர் பேசக் கூடாது. நீங்க போட்ட விதிதான்."

விதி என்னுடையதுதான். நான் உட்கார்ந்தேன். தீர்மானம் தோற்றது.

கூட்டம் கலைந்ததும் ஆரின் நேராக என்னிடம் வந்தார். "எப்படிங்க? நீங்க சொன்னபடியே செஞ்சேனா?"

"நான் எல்லாத்துக்கும் முடியாதுன்னு சொல்லச் சொன்னேனா? எதுக்குச் சொல்றோம்னு யோசிக்க வேண்டாமா, மனுஷா?"

"ஒண்ணு ஒண்ணா வரட்டும்னு பாத்தேன்," என்றார் பணிவாக.

நான் கோபத்தை அடக்கிக்கொண்டு விளக்கினேன். தோற்றுப்போன தீர்மானத்தை, அதை எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஒருவர் கேட்டாலொழிய, இவ்வாண்டில் மீண்டும் எடுக்க இயலாது. மரியன் கேட்கமாட்டாள், டுவைட்டும் கேட்கமாட்டார். மிச்சம் இவர் ஒருவர்தான்.

"அடுத்த கூட்டத்துல நீங்கதான் அத மறுபடி எடுக்கணும்னு கேக்கணும். கேப்பீங்களா?"

"ஆமாங்க. கண்டிப்பா."

அந்த "ஆமா" எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை நான் அறிவேன். கூடத்தின் மறுகோடியில் மரியன், ஆரின் திருப்பிக் கொடுத்த கேக் தட்டைத் துணியால் துடைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கேக் செய்து கொண்டுபோய்க் கொடுக்க அவளுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

"வாய்ல சொல்றது போதாது," என்றேன். "நாளைக்குக் காலையில கடல் வத்தினதும் ரோண்டாவோட சேத்துல இறங்கணும். ஒரு கூடை நிறையத் தோண்டி, தோள்ல தூக்கிக்கிட்டு அந்தச் சரிவுல நீங்களே ஏறணும்."

"நாளைக்கா? நாளைக்கு லெஸ்டருக்கு இரை..."

"லெஸ்டருக்கு முடியாதுன்னு சொல்லுங்க. இப்பதான் சொல்ல வருதே!"

ரோண்டா சிரித்தாள். "இவன் வரமாட்டான், லவினியா. இப்ப ஆமாம்பான், காலையில வேற யாராவது கூப்பிட்டா அங்க போயிருவான்."

"வராம எங்க போவார்? விடிஞ்சதும் நானே போய்க் கதவத் தட்டிக் கூட்டிட்டு வர்றேன். சரிவு ஏறி முடியற வரைக்கும் பக்கத்துலயே நிக்கறேன்."

ரோண்டா என் பாதங்களைக் குனிந்து பார்த்தாள். கூட்டங்களுக்கென்று நான் வைத்திருந்த கறுப்புத் தோல் காலணிகள், மெழுகு பூசிப் பளபளத்தன.

"அந்தச் சேத்துல இதப் போட்டுக்கிட்டு நிக்க முடியாது, ரப்பர் பூட்ஸ் வேணும்," என்றாள். "உங்க காலு என்ன அளவு?"