திருப்பிக் கெடுங்க

என் மனைவிக்குக் காது பரிசோதிக்கும் கிளினிக்கில் வேலை. நுரைப்பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறையில் ஆட்களை உட்காரவைத்து, எறும்பு தும்முகிற அளவுக்கு ஓர் ஓசையைக் காதுக்குள் அனுப்பி, கேட்கிறதா என்று கேட்க வேண்டும். பகல் முழுக்க இப்படி அமைதியில் ஊறிவிட்டு வீடு திரும்புகிறவர்கள் சாதாரணமாகப் படுத்துத் தூங்குவார்கள். இவள், பிள்ளைகள் ஆடித் தீர்த்துத் தூக்கிப் போட்ட கையடக்க வீடியோ கேம் கருவிகளை மேஜையில் பரப்புவாள். முதுகு மூடியைக் கழற்றுவாள். விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, உள்ளே தெரியும் பச்சை சர்க்யூட் பலகையில் வைப்பாள். அப்போது எழும் சத்தத்தைக் கேட்டு எதிர்வீட்டு நாய் எங்கள் வாசல் வரை வந்து விசாரித்துவிட்டுப் போகும்.

இதற்கு இரைச்சல் இசை என்று பெயராம். “இரைச்சல் சரி, இசை எங்க?” என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டுவைத்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கிடைத்தது. பேச்சு கிடைக்கவில்லை.

நான் வீட்டுச் சாமான் ரிப்பேர் செய்கிறவன். என் கடையில் ஒரு வாஷிங் மெஷின் கரகரவென்றால் அது வியாதி. என் வீட்டில் அதே கரகரப்பு வித்வத்து. இரண்டுக்கும் நடுவில் வாழ்ந்து பழகிவிட்டேன்.

அவளிடம் நான்கு கருவிகள். நான்குக்கும் பெயர் வைத்திருந்தாள். பேட்டரி வலுவிழந்து ஓசை இழுபடுவது கொட்டாவி. ஒலி கூட்டும் சக்கரத்தில் தூசி ஏறிப் பொரிவது வாயாடி. ஸ்பீக்கர் கிழிந்தது அழுமூஞ்சி. ஹெட்போன் சொருகும் இடத்தில், உள்ளே பற்றவைத்த ஒரு கம்பிக்கால் விரிசல் விட்டு, ஓசை வந்து வந்து அறுந்துபோவது விக்கல். அவளுக்குச் செல்லம் விக்கல்தான். எங்கள் இரண்டு பிள்ளைகளும் இதைப் பற்றிப் புகார் சொல்லியிருக்கிறார்கள்.

படுக்கையறைக்குள்ளேயே கிடந்த இந்தக் கச்சேரிக்கு ஒருநாள் வெளியே அழைப்பு வந்தது. பழைய அச்சகம் ஒன்றின் மாடியில் இந்த மாதிரி இசைக்கென்றே கூட்டம் நடத்துகிற ஒருவன், தாடி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும், இவள் அனுப்பிய பதிவைக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் வந்து வாசிக்கச் சொன்னான். வாசிக்க என்றுதான் எழுதியிருந்தான். அந்த ஒரு வார்த்தையை அவள் என்னிடம் பலமுறை படித்துக் காட்டினாள். கிளினிக்கில் டாக்டர் முதல் துப்புரவு அம்மா வரை எல்லோரையும் கூப்பிட்டாள். வேன் ஓட்டும் தம்பியையும் கூப்பிட்டாள். என் மைத்துனன் நல்லவன், வாய்தான் நீளம். அக்கா வாசிக்கப் போகிறாளா, இல்லை எதையாவது பழுது பார்க்கப் போகிறாளா என்று என்னைத் தனியாகக் கேட்டான். இரண்டும் இல்லை, எதற்கும் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள் என்றேன்.

சனிக்கிழமை அவளுக்கு அரைநாள் வேலை. காலையில் அவள் போனதும் எனக்குள் ஒரு பாசம் பொங்கியது. எனக்குப் பாசம் பொங்கினால் கை சும்மா இருக்காது, ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். இவ்வளவு பெரிய நாளில், ஊர் பார்க்க, என் பெண்டாட்டி ஓட்டை உடைசலையா தூக்கிக்கொண்டு போவது? ரிப்பேர்காரன் வீட்டிலிருந்தா? நான்கையும் கடைக்குக் கொண்டுபோனேன். கொட்டாவிக்குப் புது பேட்டரி. வாயாடியின் சக்கரத்தை ஸ்பிரிட்டால் கழுவினேன். அழுமூஞ்சிக்கு வேறொரு கருவியின் ஸ்பீக்கரை மாற்றிப் பொருத்தினேன். விக்கலின் விரிசலில் புது ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். அந்தப் பற்றவைப்பு மழைத்துளி மாதிரி உருண்டு பளபளத்தது. சொல்லக் கூடாது, அதைப் பார்த்து நானே ஒருமுறை சிரித்துக்கொண்டேன்.

மத்தியானம் வந்தவள் விக்கலைத் தட்டினாள். பலூன் விற்கிற வண்டி மாதிரி ஒரு துள்ளல் பாட்டு, பிசிறே இல்லாமல் வந்தது. மற்றதைத் தட்டினாள். அதுவும் பாடியது. நான்கும் அதனதன் கேம் பாட்டைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஒழுங்காகப் பாடின. நான் பாராட்டுக்காகக் காத்து நின்றேன்.

“எதுல எல்லாம் கை வச்சீங்க?” என்றாள்.

வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல் ஒன்றொன்றாகச் சொன்னேன். பாதியில் என் குரல் தானாகவே இறங்கியது. அவள் கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கிளினிக்கில் காது கேட்காதவர்களின் முகத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

“இது பழுது இல்லங்க. இதுதான் என் வாத்தியம். அந்த விரிசலை எத்தனை டிகிரி சாய்ச்சா எங்க அறும்னு என் கைக்குத் தெரியும்.”

அவள் எழுந்து கைப்பையைக் கழற்றி மாட்டினாள்.

“சரி. திருப்பிக் கெடுங்க.”

இத்தனை வருடத் தொழிலில் யாரும் என்னிடம் இப்படி ஒரு வேலை சொன்னதில்லை. கெடுப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் நல்ல ரிப்பேர்காரனாக இருந்ததில்லை. பழைய பேட்டரியைக் குப்பையிலிருந்து பொறுக்கினேன், கொட்டாவி திரும்பி வந்தது. கிழிந்த ஸ்பீக்கரை மறுபடி மாட்டினேன், அழுமூஞ்சி அழுதது. அழுகையில் ஈரம் குறைகிறது என்றாள். பிளேடால் இன்னும் கொஞ்சம் கீறினேன். “போதும், ரொம்ப நல்லாக் கெட்டுடும்” என்று கையைத் தடுத்தாள். வாயாடியின் சக்கரத்தில் ஃபேன் இறக்கையிலிருந்து வழித்த தூசியைத் தூவினோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக் கேட்டு, இன்னும், இன்னும் என்றாள். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். அந்தக் காதை நான் அதுவரை சம்பளம் வாங்கும் காது என்றுதான் நினைத்திருந்தேன்.

விக்கல் மட்டும் மசியவில்லை. ஈயத்தை உருக்கி எடுத்தால் ஊமை. ஒரு பொட்டு வைத்தால் முழுப் பாட்டு. உடைக்க எனக்குத் தெரியும், ஒட்டத் தெரியும். ஒட்டியும் ஒட்டாமலும் நிற்பது என் தொழிலிலேயே கிடையாது. வாசலில் மைத்துனன் வேன் ஹாரன் அடித்தான்.

“விடுங்க. ஒருத்தனாவது வீட்டுல நல்லவனா இருக்கட்டும்” என்று சொல்லி விக்கலையும் பெட்டியில் போட்டாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. வேனில் வழிநெடுக என் மடியில் பெட்டி, என் நெஞ்சில் கல்.

மாடியில் இருபது முப்பது பேர் இருந்தார்கள். டாக்டர் முன்வரிசையில், நோயாளி மாதிரி கை கட்டிக்கொண்டு. இவள் மேஜை முன் நின்று வணக்கம்கூடச் சொல்லாமல் விக்கலைத் தட்டினாள். அந்தத் துள்ளல் பாட்டு அறை முழுக்க ஓடியது. சிலர் சிரித்தார்கள், ஒருவர் தலையாட்டினார். மைத்துனன் என் காதில், அக்கா பரவாயில்லையே மாமா, பாட்டு வருதே என்றான். பிறகு கொட்டாவியைத் திறந்தாள். அழுமூஞ்சி அடியில் ஊர்ந்தது. வாயாடி பொரியத் தொடங்கியது. மூன்றும் சேர்ந்து அந்தச் சின்னப் பாட்டை மெல்லக் கடித்தன. தலையாட்டியவர் நிறுத்திக்கொண்டார். அறையின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் பெண்டாட்டி ஒரு விரலை அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் முப்பது பேரின் மூச்சு மாறியது. அவள் பேச்சில்கூட அவ்வளவு அதிகாரத்தை நான் பார்த்ததில்லை. நான் பார்த்ததில்லை என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் விக்கல் அறுபடவில்லை. சாய்த்தாள், அமுக்கினாள். நான் வைத்த ஒரு பொட்டு ஈயம், என் நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொண்டு அசையாமல் நின்றது. பாட்டு பாட்டாகவே ஓடியது. அவள் நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினாள்.

“ஏங்க, கொஞ்சம் வாங்க.” மைக் திறந்திருந்ததால் அதையும் எல்லோரும் கேட்டார்கள்.

எழுந்தேன். சட்டைப்பையில் எப்போதும்போல் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. விக்கலின் திறந்த முதுகுக்குள் நுனியைவிட்டு அந்தக் காலை நெம்பினேன். டப்பென்று பாட்டு செத்தது. போச்சு என்று நினைத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து, நுனியை மறுபடி அதே இடத்தில் லேசாக வைத்தாள். கைப்பிடியிலிருந்த என் விரலை இரும்புக்கு இறக்கினாள். என் உடம்பிலிருந்தே ஓர் உறுமல் கிளம்பி ஸ்பீக்கர் வழியாக வந்தது.

கடையில் தலைமுடி அளவு மெல்லிய கம்பியைப் பற்றவைக்கும்போதுகூட நடுங்காத கை அது. அத்தனை பேர் பார்க்க, வெடவெடவென்று நடுங்கியது. நுனி பட்டது, விலகியது, பட்டது. பாட்டு வந்து வந்து அறுந்தது. வேண்டுமென்று செய்தாலும் வராத விக்கல்.

“அப்படியே நில்லுங்க” என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நின்றேன். அவள் என் நடுக்கத்தை வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் மேலே ஏற்றினாள், கூரை வரை ஏற்றினாள், பிறகு எல்லாவற்றையும் ஒரே நொடியில் அறுத்தாள். அந்த அமைதி ஒரு சாமான் கீழே விழுந்தது மாதிரி விழுந்தது. அப்புறம் கைதட்டினார்கள். மைத்துனன் எழுந்து நின்று தட்டினான். பக்கத்திலிருந்தவர் என்னவோ சொல்ல, அவரிடம் அவன், “சத்தம்னு சொல்லாதீங்க சார். அது எங்க அக்கா” என்று முறைத்தான். தாடி வந்து, அடுத்த மாதமும் வர வேண்டும், இருவருமே வர வேண்டும் என்றான். டாக்டர் என்னிடம், எத்தனை நாள் பயிற்சி என்று கேட்டார். அவள் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவளையே பார்த்தேன். யாராவது என்னிடம் வந்து இவங்க யாரு என்று கேட்க மாட்டார்களா என்று இருந்தது.

வேனில் ஏறியதும் அவள் செருப்பைக் கழற்றி, காலை நீட்டிக்கொண்டாள்.

“நடுவுல ஒரு இடத்துல உங்களுக்குத் தைரியம் வந்துடுச்சு. கை நின்னுபோச்சு. கவனிச்சேன்.”

அத்தனை இரைச்சலில் அது உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

“அடுத்த மாசக் கச்சேரியில கடைசி வரைக்கும் பயப்படணும்” என்றாள்.

முடிந்தவரை பார்க்கிறேன் என்றேன்.