எடுக்காமல் விட்ட குழாய்

அம்மாவின் சிறுநீர்க் குழாயோடு மாட்டியிருந்த பையில் நிறைந்திருந்த சிறுநீரைக் கொட்டிவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள் தையல்காரி. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். வெட்டிப்போட்ட சீருடைத் துணி குவிந்து கிடந்தது.

கட்டிலிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "இந்தக் குழாய எடுக்கச் சொல்லேன்டி. கம்ப ஊனிக்கிட்டு நானே பாத்ரூமுக்குப் போயிக்குவேன்."

"கொஞ்ச நாள் போகட்டும்மா. மறுபடி விழுந்து வச்சீன்னா யாரு பாக்கறது?"

விழுந்துவிடுவாள் என்ற பயம் பாதிதான். குழாய் இருந்தால் படுக்கை நனையாது, தையல் தடைபடாது. இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதே, "நடக்க ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வாங்க, எடுத்துடலாம்" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மகள் தலையாட்டியதோடு சரி.

அம்மாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிவந்தாள். காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை அலமாரியில் போட்டாள். மறுபடி காய்ச்சல், மறுபடி அதே கதை. அடுத்த முறை காய்ச்சல் மாத்திரைக்குக் கேட்கவில்லை. அம்மா பிதற்ற ஆரம்பித்தாள். அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள்.

வந்த அன்றே அந்தக் குழாயை எடுத்துவிட்ட டாக்டர், சில நாள் கழித்து அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "தண்ணித் தொட்டில பாசி பிடிக்குமே, அந்த மாதிரி குழாய்க்குள்ள படலம் கட்டியிருக்கும்மா. அதுக்குள்ள கிருமிங்க பத்திரமா இருந்திருக்கு. நீங்க அரைகுறையா மருந்து கொடுத்ததுல தப்பிச்சதெல்லாம் மருந்துக்கே பழகிடுச்சு. இப்ப ரத்தத்துல கலந்திருக்கு."

"வேற நல்ல மருந்தாப் போடுங்க டாக்டர்."

"இருக்கறதையெல்லாம் போட்டுப் பாத்தாச்சும்மா."

அம்மா ஒரே ஒரு தடவை கண் திறந்தாள். "குழாய எடுத்துட்டாங்களாடி?"

"எடுத்துட்டாங்கம்மா."

"அப்பாடா" என்றாள். அன்று மாலையே போய்ச் சேர்ந்தாள்.

அம்மாவின் புடவையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பும்போது, பக்கத்துக் கட்டில் பெரியவரின் மகன் நர்ஸிடம் கெஞ்சுவது காதில் விழுந்தது. "குழாய் இருந்துட்டுப் போகட்டும் சிஸ்டர், எங்களுக்கு வசதியா இருக்கு."

தையல்காரி நின்றாள்.

"தம்பி, நானும் இதையேதான் சொன்னேன். தேவை முடிஞ்ச அன்னிக்கே எடுக்கச் சொல்லு. டாக்டரக் கேக்காம மருந்து வாங்காத, கொடுத்தத பாதில நிறுத்தாத. என் வசதிக்காகத்தான் அந்தக் குழாய விட்டு வச்சேன். அதுக்கு உயிரக் கொடுத்தது எங்கம்மா."