கோடு நின்ற இடம்

தார்த்தோ தன் குழுவினருக்குச் சொல்லும் முதல் சட்டம் இதுதான்: கேமராக்கள் திறந்திருக்கும்போது ஒருத்தரும் வெள்ளை விளக்கு போடக் கூடாது. மாதம் இரண்டு தடவை மலாங் நகரத்திலிருந்து ஆட்களை ஜீப்பில் ஏற்றி வந்து, புரோமோ எரிமலையின் விளிம்பில் நிறுத்தி, நட்சத்திரங்களைப் படம் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது அவன் பிழைப்பு. ஒரே இடத்திலிருந்து அரை நிமிடத்துக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கில் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நட்சத்திரங்களெல்லாம் வட்டக் கோடுகளாகிவிடும். நடுவில் எவனாவது டார்ச்சோடு நடந்தால் அதுவும் கோடாக விழும். அந்தக் கோட்டைக் கண்டால் இவர்களுக்கு வரும் கோபம், வீட்டில் திருடு போனால்கூட வராது.

சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் மிஸ்தாரி ஒருவர்தான். விளிம்பை ஒட்டிய அர்கோவாங்கி கிராமத்தில் உருளைக்கிழங்கு போடுகிறவர். ஆறு வருடமாகத் தார்த்தோவின் கேமரா முக்காலிகளைச் சுமந்தவர். மேலே தார்த்தோ கத்துவதைக் கீழே வீட்டு அடுப்படியில் நடித்துக் காட்டுவார். போர்வைபோல் சுற்றிய சாரோங்கை உதறி, இடுப்பில் கை வைத்து, "லைட்டை அணைடா! உங்கப்பன் வீட்டு வானமா?" என்பார். அவர் மனைவி சுலியா விழுந்து விழுந்து சிரிப்பாள். தார்த்தோவே இரண்டு முறை அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறான்.

அந்த ஆகஸ்ட் இரவில் வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. குளிர் எலும்புக்குள் இறங்கியது. சுரபாயாவிலிருந்து வந்திருந்த ஆறு பேரில் வினார்னி என்ற பல் டாக்டர் அம்மாளுக்குப் பல்லே தந்தியடித்தது.

"அண்ணே, கொஞ்சம் இஞ்சித் தண்ணி கிடைக்குமா? இவங்க இங்கேயே உறைஞ்சிடுவாங்க போல" என்றான் தார்த்தோ.

"சுலியாவை எழுப்பினா திட்டுவா. பரவாயில்ல, திட்டு வாங்கிப் பழக்கம்தானே" என்று சிரித்துக்கொண்டே மிஸ்தாரி இறங்கினார். அவரிடம் இருந்தது சாதாரண வெள்ளை டார்ச். படத்தை அவ்வளவாகக் கெடுக்காத சிவப்பு விளக்குகளைத் தார்த்தோ பணம் கட்டியவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பான்.

ஒரு மணிக்கு மேல், கேமராக்கள் அறுபது எழுபது படம் எடுத்து முடித்த நேரத்தில், அவர்கள் நின்ற இடத்துக்குக் கீழே விழும் பள்ளத்துக்கு எதிர்ப்புறம் இருந்த வெங்காயத்தாள் வயல் மேட்டில் ஒரு வெளிச்சம் வந்தது. எல்லோருடைய படத்துக்கும் நட்டநடுவில், ஆடி ஆடி நகர்ந்தது.

"போச்சு! வெண்ணெய் திரண்டு வர நேரத்துல தாழி உடைஞ்சுது" என்று வினார்னி தலையில் கை வைத்தாள்.

தார்த்தோவுக்குச் சுர்ரென்று ஏறியது. மிஸ்தாரி எப்போதும் குதிரைப் பாதையில்தான் வருவார். இது வேறு யாரோ என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு அந்த நடையைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் கத்தினான்.

"லைட்டை அணை! கேமரா ஓடுது, லைட்டை அணை!"

வெளிச்சம் உடனே அணைந்தது.

"தங்கமான மனுஷன்" என்றாள் வினார்னி.

அரைமணி நேரம் கழித்துப் பள்ளத்தின் அடியில் ஒரு சின்ன மஞ்சள் புள்ளி தோன்றியது. அசையவில்லை. தார்த்தோ எட்டிப் பார்த்தான். "யாரோ கூடாரம் போட்டிருக்காங்க. அங்க கத்தினா கேக்காது."

"இருக்கட்டும் சார், நல்லாத்தான் இருக்கு. அது இருந்தாத்தான் மலை எவ்ளோ பெருசுன்னு தெரியுது" என்றாள் வினார்னி. ஆறு கேமராக்களும் அந்தப் புள்ளியை இரண்டு மணி நேரம் படம் பிடித்தன. இஞ்சித் தண்ணீர் வரவில்லை. கத்தியதில் மிஸ்தாரிக்குக் கோபம், வீட்டுக்குத் திரும்பிப் படுத்துவிட்டார் என்று தார்த்தோ தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதிகாலையில் மூடுபனி ஏறியதும் எல்லோரும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்கள்.

எட்டு மணிக்கு சுலியா போன் செய்தாள். "தம்பி, அவரு உன்கூட மலாங்குக்கு வந்துட்டாரா? சொல்லாமக் கொள்ளாம?"

"இல்லக்கா, இஞ்சித் தண்ணிக்குன்னு இறங்கினவரு. அப்புறம் மேல வரல."

"ஃபிளாஸ்க் எடுத்துட்டு ஒரு மணிக்கே கிளம்பிட்டாரே!"

கிராமத்து ஆண்கள் கயிறோடு குதிரைப் பாதையில் தேடப் போனார்கள். ஆட்களை மலாங்கில் இறக்கிவிட்டிருந்த தார்த்தோ, ஒரு சாப்பாட்டுக் கடையில் மடிக்கணினியைத் திறந்து படங்களை அடுக்கினான். வானத்தில் வட்டங்கள். கீழே மேட்டின்மேல் ஒரு வெள்ளைக் கோடு. அது சட்டென்று நின்றது. நின்ற இடத்துக்கு நேர் கீழே மஞ்சள் புள்ளி. குதிரைப் பாதை சுற்று. வயல் மேடு குறுக்கு வழி. குளிரில் நடுங்குகிறவர்களைக் காக்க வைக்கக் கூடாதென்று மனுஷன் குறுக்கே வந்திருக்கிறார். விளிம்பு எங்கே உடைந்திருக்கிறது என்று தெரிய வேண்டிய இடத்தில் இவன் அணைக்கச் சொல்லியிருக்கிறான்.

அப்போது மணி எட்டரை. உடனே போனை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அங்கே தேடாதீங்க, மேட்டுக்குக் கீழே தேடுங்க.' அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பயந்தான். கோழை. தானே போய்க் கண்டுபிடித்துவிட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு ஜீப்பைத் திருப்பினான். மேட்டுக்கு வந்தபோது பத்தரை. தனியாகக் கயிறு கட்டி, பாதி தூரம் இறங்கி, மண் சரிந்து, முட்டி பெயர்ந்து, மேலே ஏறி வந்தான். பதினொன்றரைக்குத்தான் கிராமத்துக்கு ஓடிப் போய்ப் படத்தைக் காட்டினான்.

பன்னிரண்டரைக்கு மிஸ்தாரியைக் கண்டுபிடித்தார்கள். நெஞ்சு நசுங்கியிருந்தது, கத்த முடியாமல், மண் அப்பி மஞ்சளாகிப்போன டார்ச்சைக் கல்லில் சாய்த்து மேலே பார்க்க வைத்திருந்தார். சாரோங்குக்குள் கை விட்டுப் பார்த்த நர்ஸ், "உடம்பு இன்னும் சூடாத்தான் இருக்கு. ஒரு மணி நேரம் முன்னாடிதான் போயிருக்காரு" என்றாள். ஒரு மணி நேரம். தார்த்தோவின் கையில் எட்டரையிலிருந்து மூன்று மணி நேரம் இருந்தது.

சாயங்காலம் அடுப்படியில் எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நெருப்புக்குப் பக்கத்து முக்காலியில், வழக்கம்போல் தூரத்திலிருந்து வந்த விருந்தாளியை, அதாவது தார்த்தோவை, உட்கார வைத்தார்கள். "உன் படம் இல்லேன்னா உடம்புகூடக் கிடைச்சிருக்காது" என்று கிராமத் தலைவர் அவன் தோளில் கை போட்டார். மிஸ்தாரியோடு விழுந்தும் உடையாமல் கிடைத்த ஃபிளாஸ்க்கிலிருந்து சுலியா இஞ்சித் தண்ணீரை வார்த்து, அடுப்பில் மறுபடி சூடாக்கி, முதல் குவளையை அவன் கையில் கொடுத்தாள்.

"அந்தப் படத்தை நானும் பாக்கறேன்."

திறந்து காட்டினான். அவள் விரலால் வெள்ளைக் கோட்டைத் தொட்டு மெதுவாகக் கூடவே போனாள்.

"இது அவரா?"

"ஆமாக்கா."

"இவ்ளோ வேகமா வந்திருக்காரு." விரல் நின்றது. "இங்க ஏன் அணைச்சாரு?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். இப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"பேட்டரி தீர்ந்திருக்கும்க்கா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தான். அந்தப் பூசணிக்காயோ அவன் மடியிலேயே திறந்து கிடந்தது. சுலியாவின் விரல் கோட்டை விட்டுக் கீழே இறங்கி, மஞ்சள் புள்ளியில் நின்றது.

"அப்ப இது எப்படி எரிஞ்சுது? ரெண்டு மணி நேரம் எரிஞ்சுதுன்னு மத்தியானம் நீதானே சொன்ன?"

தலைவரின் கை தார்த்தோவின் தோளிலிருந்து விலகியது.

"உங்கப்பன் வீட்டு வானமா" என்றாள் சுலியா. புருஷன் நடித்துக் காட்டும் அதே ராகத்தில், மெதுவாகச் சொன்னாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. பிறகு அவன் கையில் அப்படியே இருந்த குவளையைப் பார்த்தாள்.

"குடி தம்பி. உனக்காகத்தான் எடுத்துட்டு வந்தாரு."